பச்சை என்று எழுதிய மூடி

பென்சன் எடுத்த பிறகு எனக்கு மூன்று வேலைகள். முழங்காலுக்கு எண்ணெய் பூசுவது, இவரோடு சண்டை பிடிப்பது, யாராவது கேட்டால் நான் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்தவள் என்று சொல்வது. கேட்காவிட்டாலும் மூன்றாவதைச் செய்துவிடுவேன்.

போன மாதம் கோயிலில் ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து இருந்தாள். இங்கே நோர்வேயில் பிறந்து வளர்ந்தவள். நான் வேலை செய்த அதே இடத்தில் இப்போது அவளுக்கு வேலையாம்.

"அன்ரி, இப்ப நாங்கள் ஆத்துத் தண்ணியை ஒரு போத்தலில எடுத்து மெசினுக்குக் குடுத்தாக் காணும். உள்ளுக்க என்னென்ன பூச்சி இருக்கெண்டு அது சொல்லும். நீங்கள் எல்லாத்தையும் கண்ணாலயோ பார்த்தனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை, மூக்காலை."

அவள் சிரித்துவிட்டு, "எங்கட கோயில் மலருக்கு எழுதுங்கோவன்" என்றாள். எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் என் வேலையைப் பற்றி வேறு யாராவது எழுதினால் பிழையாக எழுதிவிடுவார்கள். பிழையாகத்தான் எழுதவேண்டும் என்றால் நானே எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. மொழி வகுப்பில் என்னை வைத்து ஒன்றும் ஆகாது என்று கண்ட பிறகு, வேலை அலுவலகத்தார் என்னை ஒரு நீர் ஆய்வுக்கூடத்துக்குப் போத்தல் கழுவ அனுப்பினார்கள். நான் சனத்துக்கு "றிசேர்ச்சில வேலை" என்று சொன்னேன். அது பொய் இல்லை. றிசேர்ச் செய்த போத்தலைத்தான் கழுவினேன்.

அங்கே பொறுப்பாக இருந்தவ ஒரு நோர்வே மனுசி, றங்ன்ஹில்ட். அந்தப் பெயர் என் வாயில் ஒரு நாளும் முழுதாக வரவில்லை, ரங்கில் என்றுதான் கூப்பிட்டேன். அவவுக்கும் பரமேஸ்வரி வரவில்லை, பரமே என்றா. ஆளுக்கு அரைப் பெயரை விழுங்கிக்கொண்டு சமமாக இருந்தோம். நெடுத்த மனுசி. முழங்கை தைத்த கம்பளிச் சட்டை போடுவா. கோப்பியை ஊற்றி வைத்து, அது ஆறிப் பச்சைத்தண்ணி மாதிரி ஆன பிறகுதான் குடிப்பா. யாரையும் பிழை என்று சொல்லமாட்டா. நாங்கள் செய்ததைக் கொண்டுபோய்க் காட்டினால் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்ப்பா, பிறகு தட்டைத் திருப்பித் தள்ளுவா. "இன்னொருக்காப் பார்" என்று மட்டும் சொல்லுவா. அதைக் கேட்டால் அடி வாங்கினது மாதிரி இருக்கும். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன்.

போத்தல் கழுவிக்கொண்டிருந்தவளுக்குப் பூச்சி பொறுக்கும் வேலை கிடைத்தது, யாரோ ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததால்தான். என் திறமையைக் கண்டு தந்தார்கள் என்று வெளியில் சொல்லியிருக்கிறேன். வாசிப்பவர்கள் அதை மறந்துவிடவும்.

வேலை இதுதான். ஓடைக்குள் இறங்கி, வலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, வலைக்கு முன்னால் கிடக்கிற கல்லுகளைக் காலால் கிளறுவார்கள். கல்லுக்குக் கீழே ஒளித்திருந்த பூச்சி, சருகு, மண் எல்லாம் வலைக்குள் வரும். அதை அப்படியே போத்தலில் போட்டு மேலே ஸ்பிரிட் ஊற்றுவார்கள். ஊற்றினால்தான் கெடாது. கூடத்தில் அதை அலசி, வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, விளக்குக்குக் கீழே வைத்துச் சாவணத்தால் பூச்சியை மட்டும் பொறுக்கவேண்டும். பொறுக்கியதை இனம் இனமாகச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் போடவேண்டும்.

அரிசியில் கல் பொறுக்கின கைக்கு இதெல்லாம் ஒரு வேலையோ என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். முதல் நாள் நான் பொறுக்கிக் கொடுத்ததில் பாதி பாசி. அதோடு ஒரு துண்டு என் சொந்தத் தலைமயிர். "இன்னொருக்காப் பார்."

பூச்சிகளில் கல்லுப்பூச்சி என்று ஒரு சாதி. குஞ்சாக இருக்கும்போது தண்ணீருக்குள் கல்லுக்குக் கீழே இருக்கும், செட்டை முளைத்தால் வெளியே வரும். இரண்டு வால் இருந்தால் அது கல்லுப்பூச்சி, மூன்று வால் என்றால் பெரும்பாலும் வேறு. அந்தச் சாதிக்குள்ளே ஒரு பச்சைக் கூட்டம். லத்தீன் பெயர் சிஃபோனோபேர்லா. இதை மட்டும் பிழையில்லாமல் சொல்லுவேன், அவ்வளவு பட்டிருக்கிறேன். அதுக்குத் தண்ணீர் குளிராக இருக்கவேண்டும், சுத்தமாக இருக்கவேண்டும், ஓடிக்கொண்டும் இருக்கவேண்டும். கொஞ்சம் ஊத்தை பட்டாலும் முதலில் கோபித்துக்கொண்டு போவது அதுதான். எங்கள் சம்பந்தி வீட்டார் மாதிரி. அதனால் அது இருக்கிற ஓடையை நல்ல ஓடை என்பார்கள்.

பச்சைக் கூட்டம் என்றதும் நான் பச்சையைத் தேடினேன். அன்று கொண்டுவந்த போத்தலில் கொழுத்த பச்சைப் புழு ஒன்று கிடைத்தது. ஒரு குழாயில் தனியாகப் போட்டு, பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன். ரங்கில் பார்த்தா. தள்ளினா. அது வேறு ஒரு பூச்சியின் புழுவாம், மற்றப் பூச்சிகளைத் தின்கிற சாதியாம். பச்சைக் கல்லுப்பூச்சியின் குஞ்சு பச்சையே இல்லை, வைக்கோல் நிறம். வளர்ந்து, தோல் கழற்றி, தண்ணீரை விட்டு வந்து செட்டை விரித்த பிறகுதான் பச்சை. அந்தப் பச்சையும் ஸ்பிரிட்டில் போட்டால் நிற்காது, வெளிறி மஞ்சளாகிவிடும். பிறகு ஏன் அப்படி ஒரு பெயர் என்று கேட்டேன். "உனக்கு ஏன் பரமேஸ்வரி?" என்று கேட்டா. பரமேஸ்வரியின் கருத்தை அவவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

சொல்லிக் கொடுத்தவள் கலைச்செல்வி. மதுரையிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த பிள்ளை. என்னை முதல் நாள் கண்டபோது, "நீங்க மலையாளமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "நான் தமிழ். நீர் என்ன?" என்றேன். அன்றிலிருந்து சிநேகிதம். மத்தியானம் என் புட்டை அவள் சாப்பிடுவாள், அவளுடைய தமிழை நான் திருத்துவேன். என்னுடையதை அவள் திருத்துவாள்.

இனி அந்தப் போத்தல் கதை.

கிழக்கு ஒஸ்லோவில் எங்கள் மாடிவீடுகளுக்குப் பின்னால் ஒரு ஓடை போகிறது. நாங்கள் அதை ஊத்தைக் கான் என்றுதான் சொல்லுவோம். பழைய சைக்கிளும் கடைத் தள்ளுவண்டியும் அதுக்குள் கிடக்கும். பக்கத்துக் கடைத்தொகுதிக்காரர் அதைக் குழாய்க்குள் விட்டு மூடி, மேலே கார் நிற்பாட்ட இடம் செய்யப் பார்த்தார்கள். செத்த ஓடை, அதுக்குள் ஒன்றும் இல்லை என்பது அவர்களுடைய கதை. எங்கள் வீட்டில் இவருக்குப் பெரிய சந்தோசம். கார் விட இடம் தேடித் தேடியே தலைமயிர் கொட்டின மனிசன். நானும் "மூடினால் நல்லம், மணமும் போகும்" என்று படிக்கட்டில் நின்று கதைத்தவள்தான்.

அந்த ஓடையை ரங்கில் பார்த்துவர வேண்டி வந்தது. முந்தின இலையுதிர்காலத்தில் அதில் பச்சைக் கல்லுப்பூச்சியின் குஞ்சைக் கண்டா. ஒருக்கால் கண்டது போதாது, வசந்தத்திலும் காட்டவேண்டும். காட்டினால் நகரசபை யோசிக்கும். காட்டாவிட்டால் ஓடை குழாய்க்குள் போகும். ஆனி மாதம் ஊர்க்கூட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ரங்கில் ஓடையிலிருந்து போத்தல்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. கொண்டுபோன ஸ்பிரிட் போதாமல் போய், எல்லாம் வெறும் ஓடைத் தண்ணீரோடுதான் இருந்தன. "பரமே, இதுக்கெல்லாம் உடனே ஸ்பிரிட் விடு" என்று சொல்லிவிட்டு வேறு ஓர் ஆற்றுக்குப் போய்விட்டா. நான் விடப் போனால், கூடத்து ஸ்பிரிட் கலனும் வெறுமையாகக் கிடந்தது. புதுக் கலனை எடுக்கக் கலைச்செல்வி களஞ்சிய அறைக்குப் போயிருந்தாள். எனக்குக் கோயிலுக்கு நேரம். சொல்லிவிட்டுப் போக ஆள் இல்லை. எழுதி வைப்போம் என்று நினைத்தேன். நோர்வே மொழியில், நொர்ஸ்கில், என் எழுத்தைப் பார்த்தால் எனக்கே வெட்கம், ஆனால் தமிழ் இருக்கிறதே. தமிழ் வாசிக்கிற பிள்ளையும் இருக்கிறாளே. எல்லா மூடியிலும் காகிதப் பட்டி ஒட்டி, பெரிய எழுத்தில் அழகாக எழுதினேன்: பச்சை.

பச்சை மீன், பச்சை அரிசி, பச்சைத்தண்ணி. இன்னும் ஒன்றும் செய்யாதது, இனித்தான் பதம் பண்ணவேண்டியது. இதைவிட விளக்கமாக ஒரு சொல்லை யார் எழுதமுடியும்? நான் பெருமையோடு ரீ-பான ரயில் ஏறிக் கோயிலுக்குப் போனேன்.

கலைச்செல்வி வந்து பார்த்திருக்கிறாள். பச்சை. அப்போ ஆன்ட்டி பச்சைக் கல்லுப்பூச்சியையெல்லாம் பிரித்துத் தனியாக வைத்துவிட்டா, ரங்கில் உயிரோடு பார்க்கக் கேட்டிருப்பா, ஸ்பிரிட் விட்டால் நிறம் போய்விடும். நல்ல கெட்டிக்காரப் பிள்ளை அல்லவா, இவ்வளவும் யோசித்து, போத்தல்களைப் பத்திரமாகக் குளிர் அறைக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ரங்கில் முதல் போத்தலைத் தட்டில் கவிழ்த்தா. சருகு வந்தது. மண் வந்தது. நடுவில் ஒரு கொழுத்த பச்சைப் புழு, கலியாண வீட்டில் மூன்றாம் பந்தியும் சாப்பிட்டவர் மாதிரி, மெல்ல நெளிந்துகொண்டு கிடந்தது. வேறு ஒருவரும் இல்லை. மற்றப் போத்தல்களிலும் அதே கதை. மிஞ்சினவை கால், வால், பாதித் தலை. அவர் சாப்பிடாமல் விட்டவை மூச்சுமுட்டி அழுகிவிட்டன.

"ஸ்பிரிட் விடேல்லையோ?" என்று நான் கலைச்செல்வியைக் கேட்டேன்.

"நீங்கதானே ஆன்ட்டி பச்சைன்னு எழுதினீங்க."

"ஓம். பச்சை எண்டுதான் எழுதினான். பச்சையாக் கிடக்கு, ஸ்பிரிட்டை விடும் எண்டு."

"பச்சைன்னா பச்சை நிறம் இல்லையா?"

"அப்ப நீர் வீட்டில பச்சைத்தண்ணி குடிக்கிறது பச்சை நிறத்திலயோ?"

"அது தண்ணி ஆன்ட்டி. இது பூச்சி. பூச்சியில பச்சைன்னா நிறந்தான். நாம தேடுறதே பச்சைப் பூச்சிதானே!"

ரங்கில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. அந்தச் சொல் என்ன என்று கேட்டா. இருவரும் ஒரே நேரத்தில் இரண்டு பதில் சொன்னோம். "ஒரு சொல்லுக்கு இரண்டு கருத்தோ?" என்று கேட்டா. இன்னும் கனக்க இருக்கு என்று கலைச்செல்வி சொன்னாள், பச்சைக் குழந்தை, பச்சைப் பொய் என்று விளக்கவும் தொடங்கினாள். நான் மேசைக்குக் கீழே அவளுடைய காலை மிதித்தேன். ரங்கில் மூடியில் இருந்த எழுத்தைக் கன நேரம் பார்த்தா. ஆறின கோப்பியைக் குடித்தா. பிறகு தட்டை எங்கள் பக்கம் தள்ளினா.

"இன்னொருக்காப் பாருங்கோ."

பார்த்தோம். பெயர் சொல்லக்கூடியதாக ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த நாள் ரங்கில் திரும்ப ஓடைக்குள் இறங்கிக் கிளறினா. காலம் பிந்திவிட்டது. அந்தச் சில நாளுக்குள் குஞ்சுகள் செட்டை முளைத்து வெளியே போய்விட்டிருந்தன.

அன்று பின்னேரம் பல்கனியில் நின்று கானைப் பார்த்தேன். அத்தனை வருசம் அதைப் பார்த்து மூக்கைப் பொத்தினவள். இப்போது அது என் ஒரு சொல்லால் குழாய்க்குள் போகப் போகிறது.

"அந்தக் கானுக்கோ மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிக்கிறாய்?" என்றார் இவர். "மூடினால் கார் விடலாமப்பா."

"உங்கட காரைக் கொண்டுபோய்ப் பூச்சிக்குக் குடுங்கோ" என்றேன். கருத்து எனக்கும் விளங்கவில்லை.

ரங்கில் மனம் விடவில்லை. குஞ்சைக் காட்ட முடியாவிட்டால் வளர்ந்ததைக் காட்டுவோம் என்றா. வளர்ந்தது ஓடைக்கரைப் பற்றைகளில் இலைக்கு மறைவில் இருக்கும். கொப்புக்குக் கீழே குடையைக் கவிழ்த்துப் பிடித்து, மேலே தடியால் தட்டினால் விழும். "வரும்போது குடை கொண்டு வா" என்றா. கொண்டுபோனேன். விரித்தேன். கலைச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, பச்சைப் பூச்சி பிடிக்கப் பச்சைக் குடையா?"

வெள்ளைக் குடை என்று ரங்கில் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பா, என்னை அறிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும். வீடு கிட்டத்தானே என்று ஏறிப்போய் அலுமாரியைத் திறந்தேன். வெள்ளையாக, அகலமாக இருந்தது ஒன்றே ஒன்று.

"என்ர பொங்கல் வேட்டியைப் பூச்சி பிடிக்கவோ கொண்டு போறாய்?"

"பொங்கலுக்குத் தோய்ச்சுத் தருவன்."

வேட்டியின் ஒரு தலைப்பை நானும் மறு தலைப்பைக் கலைச்செல்வியும் பிடிக்க, ரங்கில் கொப்புகளைத் தட்டினா. மயிர்க்கொட்டிப் புழு விழுந்தது, சிலந்தி விழுந்தது, சருகு விழுந்தது. பூச்சி பிடிக்க ஒரு சின்னப் போத்தல், அதில் இரண்டு குழாய். ஒரு குழாயைப் பூச்சிக்கு மேலே வைத்து மற்றதை வாயால் உறிஞ்சவேண்டும். பூச்சி போத்தலுக்குள் விழும். இடையில் வலைத்துணி கட்டியிருக்கும், வாய்க்குள் வராது. ரங்கில் அதை என்னிடம் நீட்டினா.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன். "மச்சம் மாமிசத்தை வாய்க்குக் கிட்டவும் கொண்டு போகமாட்டன்."

"பூச்சி மச்சமோ?"

"மரக்கறி இல்லைத்தானே."

அவ அதை யோசித்துப் பார்த்துத் தலையாட்டினா. "சரி. நீ வேட்டியைப் பிடி."

நெடுநேரம் தட்டினோம். ஒன்றும் இல்லை. மத்தியானம் ஆகிவிட்டது. என் முழங்கால் இரண்டும் தனித்தனியாக அழத் தொடங்கின. ரங்கில் தடியைச் சாத்திவைத்துவிட்டுப் புல்லில் இருந்தா. அவ "இன்னொருக்காப் பார்" என்று சொல்லாத ஒரே நாள் அதுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் இவர் பல்கனியை விட்டு இறங்கி வந்தார். பூச்சியைப் பார்க்க இல்லை, வேட்டியைப் பார்க்க. புல்லில் கிடந்ததைத் தூக்கி, வெயிலுக்குப் பிடித்து, ஒவ்வொரு கறையாகக் காட்டினார்.

"இஞ்சை பார். இது மண். இது மயிர்க்கொட்டி. இதென்ன கரையில? பச்சைப் பாசி. இது தோய்ச்சாலும் போகாது."

விரலால் தட்டிவிடப் போனார். பாசி நடந்தது.

ரங்கில் போட்ட சத்தத்தில் இவர் கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார், பொலிஸ் பிடித்த ஆள் மாதிரி. வேட்டிக் கரைக்குக் கீழே, நிழல் பக்கத்தில், மூன்று நான்கு ஒட்டிக்கொண்டிருந்தன. மெல்லிய உடம்பு, முளைத்த பயற்றின் பச்சை. கண்ணாடி மாதிரிச் செட்டை, முதுகில் தட்டையாக மடிந்து கிடந்தது. பின்னால் இரண்டு சின்ன வால். அத்தனை காலம் வெளிறின பிணங்களையே பொறுக்கினவள் நான், உயிரோடு அன்றுதான் கண்டேன். ரங்கில் முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தா. இவர் மூச்சு விடாமல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். கடைத்தொகுதி சார்பில் வந்தவர் நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. ரங்கில் கொடுத்த குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஸ்பிரிட்டில் இருந்தது வெளிறிவிட்டிருந்தது.

"பச்சைப் பூச்சி என்றுதானே சொன்னீர்கள்? இது மஞ்சளாக இருக்கிறதே."

மண்டபத்தில் சிரிப்பு. ரங்கில் பொறுமையாக விளங்கப்படுத்தத் தொடங்கினா. எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பினேன். கலைச்செல்வி சட்டையைப் பிடித்து இழுத்தாள், தட்டிவிட்டேன். பச்சையாக இருக்கும்போது பச்சைதான் என்று சொல்லவேண்டும். நிறத்துக்கு நொர்ஸ்கில் சொல் தெரியும். மற்றப் பச்சைக்கு? சமைக்காத இறைச்சிக்குக் கடையில் எழுதியிருப்பார்களே, றோ என்று. அதை எடுத்து விட்டேன்.

"அது பச்சை! அது றோ! நான் பார்த்தனான், சரியான றோ!"

முன்வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு பின்வரிசையில் இருந்த இளம் பெடியள் பெட்டையள் எல்லாம் கை தட்டி, காலை நிலத்தில் அடித்து ஆரவாரம் செய்தார்கள். இளம் சனத்தின் பேச்சில் றோ என்றால் 'அந்த மாதிரி', 'சூப்பர்' என்று கருத்தாம். எனக்கு அது பிறகுதான் தெரியும். அன்று நான் நல்லாகத்தான் விளக்கியிருக்கிறேன் என்று நினைத்துத் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு இருந்தேன்.

யார் இதைக் கண்டுபிடித்தது என்று ஒருவர் கேட்டார். ரங்கில் இவரைக் காட்டினா. கார்த் தரிப்பிடத்துக்கு ஆதரவாகக் கை தூக்க வந்திருந்த மனிசன். எல்லாரும் திரும்பிப் பார்க்க, எழும்பி நின்று சால்வையைச் சரிசெய்தார். பிறகு அவருடைய கை எழும்பவே இல்லை.

கோடை முடிய முடிவு வந்தது. ஓடையை மூடக் கூடாது, தரிப்பிடம் வேண்டுமென்றால் மற்றப் பக்கத்தில் செய்யலாம். என் பேச்சாலோ என்று ரங்கிலைக் கேட்டேன். "பூச்சியால்" என்றா. எனக்கும் தெரியும். ஆனாலும் கோயிலில் நான் இந்தக் கதையைச் சொல்லும்போது பூச்சி கொஞ்சம் பின்னுக்குத்தான் நிற்கும். இவர் சொல்லும்போது நானும் பின்னுக்குத்தான். கலைச்செல்வி படிப்பு முடித்து ஊருக்குப் போய்விட்டாள். பிறந்தநாளுக்குத் தொலைபேசி எடுத்தால் வாழ்த்துச் சொல்ல முதலே, "பச்சைன்னா நிறந்தான் ஆன்ட்டி" என்பாள். விட்டுக்கொடுக்கவில்லை. நானும் இல்லை.

நான் வேலையை விட்ட அன்று கேக் வெட்டினார்கள். ரங்கில் ஒரு போத்தல் தந்தா. நான் எத்தனையோ தரம் கழுவின அதே சாதிப் போத்தல். மூடியில் பட்டி ஒட்டி, தன் கையால் தமிழில் எழுதியிருந்தா. பழைய மூடியைப் பார்த்து, எழுத்தெழுத்தாக வரைந்திருக்கிறா. ஆனால் நடுவில் ச் ஒன்றை விட்டுவிட்டா. பசை என்று இருந்தது. அவ முகத்தைப் பார்த்தேன், எவ்வளவு பாடுபட்டு வரைந்திருப்பா. எனக்குச் சொல்ல வாய் வந்தது, இன்னொருக்காப் பார் என்று. சொல்லவில்லை.

வீட்டில் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். இவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"இவ்வளவு காலம் உழைச்சதுக்கு ஒரு போத்தல் பசையோ தந்தவை?"

மூடியைத் திறந்தார். மணந்து பார்த்தார், பல்கனியில் அத்தனை வருசம் மணந்த அதே மணம். ஒரு விரலை விட்டு, இரண்டு விரலால் தேய்த்தும் பார்த்தார்.

"பசையும் இல்லை ஒண்டும் இல்லை. இது எங்கட ஓடையின்ர வெறும் பச்சைத்தண்ணி."

"ஓம்" என்றேன். "அதைத்தான் எழுதியிருக்கிறா."